காண்ட்ராக்டில் சேர்ந்து நிரந்தரமாவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஆறு மாசம் காண்ட்ராக்ட், அப்புறம் பெர்மனென்ட்" என்று ஏஜென்சியிலிருந்து போன் வந்தவர்கள் கேட்கும் கேள்விகளும், இப்படி ஆள் எடுக்கலாமா என்று யோசிக்கும் நிறுவனங்கள் கேட்பவையும் இங்கே ஒன்றாக உள்ளன. இரு தரப்புக்கும் பயன் தரக்கூடிய ஏற்பாடு என்பதுதான் என் கருத்து. ஆனால் அந்தப் பயன் தானாக வராது. நிரந்தரமாக்குவது பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள், அந்த இடத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பதைப் பொறுத்தே வரும்.

சி2எச் என்கிறார்களே, அது என்ன?

காண்ட்ராக்ட் டு ஹயர் என்பதைத்தான் ஏஜென்சிக்காரர்கள் சுருக்கி அப்படிச் சொல்கிறார்கள். முதலில் குறிப்பிட்ட காலத்துக்கு, பெரும்பாலும் 3 முதல் 12 மாதம் வரை, காண்ட்ராக்டில் வேலை. அது முடியும் நேரத்தில் இரு தரப்புக்கும் பிடித்திருந்தால் நிறுவனம் உங்களைத் தன் சொந்த ஊழியராக எடுத்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் அத்தோடு பிரிந்துவிடலாம்.

வழக்கமாக இதில் மூன்று தரப்பு உண்டு: நீங்கள், வேலை வாங்கும் நிறுவனம், நடுவில் ஏஜென்சி. காண்ட்ராக்ட் காலத்தில் உங்கள் பெயர் ஏஜென்சியின் பேரோலில் இருக்கும். சம்பளச் சீட்டு, வரிப் பிடித்தம், லீவு கணக்கு எல்லாம் அவர்களிடம். இன்று என்ன வேலை என்று சொல்பவர் நிறுவனத்தின் மேனேஜர். நிரந்தரமானதும் பேரோல் நிறுவனத்துக்கு மாறும். அந்த மாற்றத்துக்குத்தான் 'கன்வெர்ஷன்' என்று பெயர். ஏஜென்சி இல்லாமல் நிறுவனமே நேரடியாகக் காண்ட்ராக்ட் போடுவதும் உண்டு. கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

புரொபேஷனும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. புரொபேஷனில், அதாவது சோதனைக் காலத்தில், இருப்பவர் முதல் நாளிலிருந்தே நிறுவனத்தின் ஊழியர். அவரை அனுப்ப வேண்டுமானால் யாராவது ஒரு முடிவெடுத்துக் கடிதம் கொடுக்க வேண்டும். காண்ட்ராக்டில் உங்களை வைத்துக்கொள்ளத்தான் யாராவது முடிவெடுக்க வேண்டும். யாரும் எதுவும் செய்யாவிட்டால் தேதி வந்ததும் அதுவாகவே முடிந்துவிடும். உங்கள் மேனேஜர் நீண்ட லீவில் இருக்கும் வாரத்தில் அந்தத் தேதி வந்தால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

கன்வெர்ஷனுக்குப் பிறகு மறுபடியும் புரொபேஷன் வைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆறு மாதம் கூடவே வைத்துப் பார்த்த ஆளுக்கு இன்னும் ஆறு மாதம் சோதனை எதற்கு என்று தாராளமாகக் கேட்கலாம். ஜப்பானில் இந்த மாதிரி ஏற்பாட்டுக்கென்றே தனி விதிகள் உண்டு. அங்கே அரசின் வழிகாட்டுதல்படி, இப்படி வந்து நிரந்தரமானவருக்குத் திரும்ப ஒரு சோதனைக் காலம் வைக்கக் கூடாது.

நிறுவனத்துக்கு இதில் என்ன லாபம்?

பெரிய லாபம், ஆளைத் தெரிந்துகொள்வதுதான். நேர்காணலில் ஒருவர் எப்படிப் பேசுவார் என்று தெரியும். எப்படி வேலை செய்வார் என்று தெரியாது. கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசி, கணக்கை முடிக்க வேண்டிய நாள், வங்கிக் கணக்குக்கும் நம் பதிவுக்கும் சின்னதாக ஒரு தொகை இடிக்கிறது. ஒருவர் அதை 'இதர செலவு' என்று போட்டு நேர் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். இன்னொருவர் ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒரே பில் இரண்டு முறை ஏறியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். நேர்காணலில் இருவரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். இந்த வித்தியாசம் இரண்டாவது மூன்றாவது மாதக் கடைசியில்தான் கண்ணுக்குப் படும்.

அடுத்தது வேகம். நிரந்தரப் பணியிடம் ஒன்றுக்கு ஒப்புதல் வாங்குவது பல நிறுவனங்களில் நீண்ட படலம். காண்ட்ராக்ட் ஆளுக்கான செலவு பெரும்பாலும் புராஜெக்ட் பட்ஜெட்டிலிருந்து போகும். அதற்கு மேனேஜரின் கையெழுத்தே போதும் என்ற இடங்கள் நிறைய. ஏஜென்சியிடம் உடனே வரக்கூடிய ஆட்களின் பட்டியலும் இருக்கும். வேலை தேங்கி நிற்கும்போது இது பெரிய விஷயம்.

புதிய வேலை எவ்வளவு நாள் ஓடும் என்று தெரியாதபோதும் இது கைகொடுக்கும். புதிய வாடிக்கையாளர் வந்திருக்கிறார், ஆனால் நிலைப்பாரா என்று தெரியவில்லை. இந்த நிலையில் நிரந்தரமாக நான்கு பேரை எடுத்துவிட்டு ஆறு மாதத்தில் அனுப்புவதைவிட, நிலைமையை முதலிலேயே சொல்லிக் காண்ட்ராக்டில் எடுப்பது நேர்மையானது.

செலவையும் மறைக்கக் கூடாது. மாதாமாதம் பார்த்தால் காண்ட்ராக்ட் ஆளுக்கு நிறுவனம் கொடுப்பது, அதே வேலை செய்யும் நிரந்தர ஊழியரின் சம்பளத்தைவிடக் கூடுதலாகவே வரலாம், ஏஜென்சியின் பங்கும் அதில் சேர்வதால். தவறான ஆளை நிரந்தரமாக எடுத்துவிட்டு, பயிற்சி கொடுத்து, பிறகு அனுப்பி, மறுபடியும் தேடும் செலவோடு ஒப்பிட்டால்தான் இது மலிவு. அந்த ஒப்பீட்டைச் செய்யாமல் 'காண்ட்ராக்ட் என்றால் சிக்கனம்' என்று நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள்.

சரி, வேலைக்கு வருபவருக்கு என்ன லாபம்?

நிறுவனம் உங்களைப் பார்ப்பதுபோல் நீங்களும் நிறுவனத்தைப் பார்க்கலாம். அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டே. வேலை விளம்பரத்தில் 'இணக்கமான சூழல்' என்று எல்லாரும்தான் போடுகிறார்கள். உள்ளே போனால்தான் ராத்திரி பத்து மணிக்கு வரும் மெயிலுக்குப் பதில் எதிர்பார்க்கிறார்களா, தப்பு நடந்தால் மேனேஜர் முன்னால் நிற்கிறாரா பின்னால் ஒளிகிறாரா, உங்கள் நாற்காலியில் முன்பு இருந்தவர் ஏன் போனார் என்பதெல்லாம் தெரியும். பிடிக்கவில்லையா, காண்ட்ராக்ட் முடிந்தது என்று கௌரவமாகக் கிளம்பலாம். நான்கு மாதத்தில் வேலையை விட்டார் என்ற பேச்சு வராது.

இரண்டாவது, கதவு திறப்பது. குழந்தை வளர்ப்புக்காகவோ, பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ சில வருடம் வேலையிலிருந்து விலகியவர்கள், துறை மாறுகிறவர்கள், சின்ன நிறுவனத்திலேயே இருந்தவர்கள் ஆகியோரின் ரெஸ்யூமே நிரந்தர வேலைக்கான முதல் சல்லடையிலேயே நின்றுவிடுகிறது. காண்ட்ராக்டுக்கு அவ்வளவு கெடுபிடி இருக்காது. எடுத்துப் பார்ப்பதில் நிறுவனத்துக்கு ரிஸ்க் குறைவு என்பதால், "வரட்டும், செய்து காட்டட்டும்" என்பார்கள். செய்து காட்டக்கூடியவருக்கு அது போதும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. கன்வெர்ஷன் பேச்சு வரும்போது நீங்கள் புது ஆள் கிடையாது. உங்கள் இடத்துக்கு வேறொருவரைக் கொண்டுவந்து பழக்க எத்தனை வாரம் ஆகும் என்று மேனேஜருக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் விண்ணப்பதாரருக்கு இந்தப் பலம் இருக்காது.

இதில் ஒரு வருத்தம்: காண்ட்ராக்டில் வருபவர்களில் நிறையப் பேர் ஆறு மாதமும் தேர்வு எழுதுகிறவர் மாதிரியே இருக்கிறார்கள். தாங்களும் மதிப்பெண் போட வந்தவர்கள் என்பது மறந்துபோகிறது.

காண்ட்ராக்ட் காலத்தில் சம்பளம் கூடுதலா, குறைவா?

இரண்டும் உண்டு. கணக்கு இப்படிப் போகிறது: ஏஜென்சி உங்களுக்காக நிறுவனத்திடம் 100 வாங்குகிறது, உங்கள் சம்பளம் 70 என்று ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மீதி 30 முழுவதும் ஏஜென்சியின் லாபம் என்று கோபப்பட வேண்டாம். சட்டப்படி முதலாளி கட்ட வேண்டிய நிதிப் பங்களிப்பு, காப்பீடு, விடுமுறைச் சம்பளம், அவர்களுடைய நிர்வாகச் செலவு எல்லாம் போய் மிச்சம்தான் லாபம். சில ஏஜென்சிகள் இந்த விகிதத்தைக் கேட்டால் சொல்வார்கள், சில சொல்ல மாட்டார்கள். கேட்பதில் தப்பில்லை.

அரிதான திறமை உள்ளவர்களுக்குக் காண்ட்ராக்ட் சம்பளம் நிரந்தரச் சம்பளத்தைவிடக் கூடுதலாக இருப்பது சகஜம். சலுகைகள் குறைவு, உத்தரவாதம் இல்லை, அதற்கு ஈடாக. சாதாரணமாகக் கிடைக்கும் வேலைகளில் பல நேரம் குறைவாகத்தான் இருக்கும். எதுவானாலும் மாதச் சம்பளத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். சம்பளத்தோடு கூடிய லீவு எத்தனை நாள், மருத்துவக் காப்பீடு குடும்பத்துக்கும் சேர்த்தா, போனஸ் உண்டா, நிறுவனம் மூடியிருக்கும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று எழுதி வைத்து ஆண்டுக் கணக்காகப் பாருங்கள். மணிக் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்குக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம்.

கன்வெர்ஷன் கட்டணம் என்கிறார்கள். அதை நான் கட்டணுமா?

கட்ட வேண்டாம். அது ஏஜென்சிக்கு நிறுவனம் கொடுப்பது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆவது உடன்படிக்கை, 1997-ல் வந்தது, வேலை தேடுபவரிடம் தனியார் ஏஜென்சிகள் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைக்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, விதிவிலக்குகளும் உண்டு. இருந்தாலும் 'டெபாசிட்', 'பதிவுக் கட்டணம்' என்று உங்களிடம் பணம் கேட்கும் ஏஜென்சியிடமிருந்து விலகி நிற்பதே நல்லது.

அப்படியானால் இந்தக் கட்டணத்தைப் பற்றி நீங்கள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? உங்கள் கன்வெர்ஷன் தேதி பல நேரம் இதைப் பொறுத்துத்தான் அமைகிறது. ஏஜென்சிக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், சீக்கிரம் எடுத்துக்கொண்டால் இவ்வளவு சதவீதம் கட்டணம், மாதம் போகப் போக அது குறையும், இத்தனை மாதம் தாண்டினால் கட்டணமே இல்லை என்று ஒரு படிக்கட்டு இருக்கும். மூன்றாவது மாதத்திலேயே மேனேஜருக்கு உங்களைப் பிடித்துப்போயிருக்கும். கணக்குப் பிரிவோ, "இன்னும் மூணு மாசம் பொறுத்தால் சும்மாவே எடுத்துக்கலாமே" என்று சொல்லும். உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லாமலேயே தள்ளிப்போவது இப்படித்தான். ஏஜென்சியிடம் "எத்தனை மாதத்தில் கட்டணம் பூஜ்யமாகும்?" என்று கேட்டு வையுங்கள். உண்மையான கன்வெர்ஷன் தேதிக்கு அதைவிட நல்ல துப்பு கிடைக்காது.

ஏஜென்சிகள் இந்தக் கட்டணத்தைக் காலவரையில்லாமல் கேட்க முடியாதபடி சில நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. பிரிட்டனில் 2003-ஆம் ஆண்டின் விதிகளின்படி, வேலை தொடங்கி 14 வாரம், அல்லது வேலை முடிந்து 8 வாரம், இவற்றில் எது பிந்தியதோ அதோடு அந்த உரிமை முடிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு ஆணை இன்னும் அடிப்படையான ஒன்றைச் சொல்கிறது: ஊழியரை நிறுவனம் நேரடியாக எடுக்கக் கூடாது என்று தடுக்கும் எந்த ஒப்பந்த வாசகமும் செல்லாது. ஏஜென்சி தன் சேவைக்கு நியாயமான கட்டணம் வாங்கலாம், கதவை அடைக்க முடியாது.

"கண்டிப்பா பெர்மனென்ட் ஆக்கிடுவோம்" என்று மேனேஜர் வாயால் சொன்னால் போதுமா?

போதாது. மேனேஜர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. மனதார நினைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நிரந்தரப் பணியிடத்தை உருவாக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இருக்காது. ஆறு மாதத்தில் அவரே வேறு பிரிவுக்குப் போயிருக்கலாம்.

சேருவதற்கு முன்பே கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த இடத்துக்கு நிரந்தரப் பணியிடம் ஏற்கெனவே ஒப்புதலாகிவிட்டதா, இல்லை இனிமேல்தான் கேட்கப் போகிறீர்களா? இரண்டாவது: போன முறை இந்தக் குழுவில் காண்ட்ராக்டில் வந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் கிடைக்கும் பதிலை வைத்தே முக்கால்வாசி முடிவு செய்துவிடலாம். பதில் மழுப்பலாக இருந்தால் அதை வெறும் ஆறு மாத வேலையாக மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, அந்த அளவில் லாபமா என்று பாருங்கள். லாபம் என்றால் சேருங்கள்.

பிறகு காகிதம். பல ஒப்பந்தங்களில் இப்படி ஒரு வரி இருக்கும்: 'நிறுவனம் விரும்பும் பட்சத்தில் நிரந்தரப் பணியமர்த்தலைப் பரிசீலிக்கலாம்.' இதனால் யாருக்கும் எந்தக் கடமையும் இல்லை. இதற்குப் பதிலாக, 'ஒப்பந்தம் முடிய 30 நாட்களுக்கு முன் நிறுவனம் தன் முடிவை எழுத்துமூலம் தெரிவிக்கும்' என்று போடச் சொல்லுங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, முடிவைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறீர்கள். நியாயமான நிறுவனம் இதை மறுக்காது. முப்பது நாள் முன்னதாகத் தெரிந்தால் அடுத்த வேலை தேட அவகாசம் கிடைக்கும். எதை வைத்து முடிவு செய்வார்கள், காண்ட்ராக்ட் காலம் பணி மூப்பில் சேருமா, கன்வெர்ஷனில் சம்பளம் எந்த அளவில் இருக்கும் என்பதையும் ஒரு மெயிலாவது போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எத்தனை மாதம் காண்ட்ராக்ட் நியாயம்?

பெரும்பாலான வேலைகளுக்கு ஆறு மாதம் போதும். ஜப்பானில் இந்த வகை ஏற்பாட்டுக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்ச வரம்பும் 6 மாதம்தான். எடுக்காவிட்டால் ஊழியர் காரணம் கேட்கலாம், சொல்ல வேண்டும். ஜெர்மனியில் 2017 முதல், ஏஜென்சி ஊழியர் ஒருவரை ஒரே நிறுவனத்தில் பொதுவாக 18 மாதம் வரைதான் வைத்திருக்கலாம், 9 மாதத்துக்குப் பிறகு அங்குள்ள நிரந்தர ஊழியருக்குச் சமமான சம்பளம் தர வேண்டும். தொழிற்சங்க ஒப்பந்தங்கள் மூலம் இவை மாறலாம்.

ஒருவரை மதிப்பிட ஒரு வருடத்துக்கு மேல் வேண்டும் என்று ஒரு நிறுவனம் சொன்னால், மதிப்பிடுவது அவர்கள் நோக்கமில்லை.

லீவு, காப்பீடு, நிதி எல்லாம் யார் பொறுப்பு?

யார் பேரோலோ அவர்கள் பொறுப்பு, அதாவது ஏஜென்சி. சேர்ந்த முதல் மாதமே சம்பளச் சீட்டில் பிடித்தம் செய்த தொகை உங்கள் வைப்பு நிதிக் கணக்கில் உண்மையாகவே ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கன்வெர்ஷன் நடந்ததும் பழைய கணக்கைப் புதிய முதலாளிக்கு மாற்றும் வேலையை அன்றே ஆரம்பியுங்கள். ரிலீவிங் லெட்டரையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் ஏஜென்சியிடமிருந்து வாங்கிவிட வேண்டும். பிறகு போனால் அலைய விடுவார்கள்.

அலுவலகத்தில் காண்ட்ராக்ட் ஆட்களைத் தனியாகத்தான் பார்ப்பார்களா?

பல இடங்களில் ஆமாம். அடையாள அட்டையின் பட்டையே வேறு நிறத்தில் இருக்கும். குழுவே வெளியூர் போகும்போது உங்கள் பெயர் பட்டியலில் இருக்காது. முக்கியமான கூட்டத்துக்கு அழைப்பு வராது, ஆனால் அதில் எடுத்த முடிவை நீங்கள்தான் செய்து முடிக்க வேண்டும்.

இதற்குப் பின்னால் ஒரு சட்டக் காரணமும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் வருடக்கணக்காகத் தற்காலிகமாகவே வைக்கப்பட்டிருந்தவர்கள், நாங்களும் ஊழியர்கள்தானே, எங்களுக்கும் சலுகைகள் வேண்டும் என்று 1992-ல் வழக்குத் தொடுத்தார்கள். 2000-ல் சுமார் 9.7 கோடி டாலர் சமரசத் தொகையில் அது முடிந்தது. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் எடுத்துக்கொண்ட பாடம் விசித்திரமானது: காண்ட்ராக்ட் ஆட்களை ஊழியர்போல் நடத்தாமல் இருப்பதே பாதுகாப்பு என்று வக்கீல்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆகவே உங்கள் அட்டை நிறத்துக்கு உங்கள் குழுவில் உள்ளவர்கள் காரணம் கிடையாது. அவர்களிடம் முகம் சுளிக்காதீர்கள்.

நிறுவனங்களுக்கு ஒன்று சொல்லலாம். நாளை நிரந்தரமாக்கப் போகிறவரை இன்று வாசலில் நிறுத்தி வைத்தால், அவர் எப்படி வேலை செய்வார் என்பதை நீங்கள் பார்க்கவே முடியாது. பிறகு இந்த ஏற்பாடு எதற்கு?

நிரந்தரமாகும் வாய்ப்பை நானே எப்படிக் கூட்டிக்கொள்வது?

நன்றாக வேலை செய்யுங்கள் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டாம். சொல்ல வேண்டியது வேறு: உங்கள் வேலையை மேனேஜர் மட்டும் பார்த்தால் போதாது. கன்வெர்ஷன் கூட்டத்தில் உங்கள் பெயர் வரும்போது, "ஆமா, அவர் நல்லா செய்யறார்" என்று சொல்ல இன்னொருவர் வேண்டும். பக்கத்துக் குழுவுக்கு ஒரு சின்ன உதவி, எல்லாரும் தள்ளிப்போட்ட ஒரு சலிப்பான வேலையை முடித்துக் கொடுத்தது, இவை அந்த அறையில் நினைவுக்கு வரும்.

மாதம் ஒருமுறை அரைப் பக்கம் எழுதுங்கள். என்ன செய்தேன், அதனால் என்ன மாறியது. 'மாதாந்திர அறிக்கை தயாரிக்க இரண்டு நாள் ஆனது, இப்போது அரை நாள்' என்கிற மாதிரி. மேனேஜருக்கு மெயிலில் அனுப்பி வையுங்கள். உங்களுக்காக மேலிடத்தில் பேசும்போது அவர் அதைத்தான் அப்படியே எடுத்து ஒட்டுவார்.

காலத்தின் பாதியில் நேரடியாகக் கேளுங்கள்: "சார், நாலாவது மாசம் ஆயிடுச்சு. கன்வெர்ஷனுக்கு என் பெயரைக் கொடுக்க உங்களுக்கு இன்னும் ஏதாவது தயக்கம் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லுங்க, சரி பண்ணிக்கிறேன்." கடைசி வாரத்தில் கேட்டால் பதில் மட்டும்தான் கிடைக்கும். நாலாவது மாதத்தில் கேட்டால் திருத்திக்கொள்ள நேரமும் கிடைக்கும்.

கன்வெர்ஷன் நேரத்தில் சம்பளத்தைப் பேரம் பேசலாமா?

பேசலாம், பேசவும் வேண்டும். காண்ட்ராக்டில் வாங்கிய தொகையையே அடிப்படையாக வைத்து அதற்கு மேல் கொஞ்சம் என்று தருவார்கள். அந்தத் தொகையோ ஏஜென்சியின் பங்கு போக மிஞ்சியது. நீங்கள் நிரந்தரமான பிறகு அந்தப் பங்கு நிறுவனத்துக்கு மிச்சமாகிறது என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள். அதேபோல் காண்ட்ராக்டில் கூடுதல் சம்பளம் வாங்கியவருக்கு நிரந்தரத்தில் கையில் வருவது குறையலாம். சலுகைகளைச் சேர்த்து அது ஈடாகிறதா என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள்.

இப்போது நிரந்தர வேலையில் இருக்கிறேன். அதை விட்டுவிட்டு இதற்குப் போகலாமா?

பொதுவாக வேண்டாம் என்பேன். கையிருப்பு ஆறு மாதச் செலவுக்குக் காணும், போகிற துறையில் நுழைய வேறு வழி இல்லை, பணியிடம் ஒப்புதலாகிவிட்டது என்று எழுத்தில் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் யோசிக்கலாம். வீட்டுக் கடன் கேட்டு விண்ணப்பிக்கும் திட்டம் இருந்தால் அதையும் எண்ணிப் பாருங்கள். காண்ட்ராக்ட் வருமானத்தை வங்கிகள் அவ்வளவு எளிதாக ஏற்பதில்லை.

ரெஸ்யூமேயில் எந்தப் பெயரைப் போடுவது?

இரண்டையும். நிறுவனத்தின் பெயரைப் போட்டு, 'இன்ன ஏஜென்சி வழியாக' என்று சேர்த்துவிடுங்கள். ஏஜென்சியை மறைத்தால் பின்னணிச் சரிபார்ப்பில் நிறுவனம் "இந்தப் பெயரில் எங்கள் ஊழியர் யாரும் இல்லை" என்று சொல்லிவிடும்.

இது உண்மையிலேயே நிரந்தர வேலைக்கு அழைத்துப் போகிறதா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இங்கே இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் அரசு உதவி பெறுவோரை வேலைக்கு அனுப்பும் திட்டம் ஒன்றை டேவிட் ஆட்டர், சூசன் ஹவுஸ்மன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். 2010-ல் வெளியானது. நேரடியாக வேலையில் அமர்த்தப்பட்டவர்களின் பிற்கால வருமானம் கூடியது. ஏஜென்சி வழியாகத் தற்காலிக வேலைக்குப் போனவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. ஆனால் இத்தாலியில் இக்கினோ, மெயல்லி, நன்னிச்சினி ஆகியோர் செய்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், டஸ்கனி பகுதியில் ஏஜென்சி வேலைக்குப் போனவர்களுக்கு நிரந்தர வேலை கிடைக்கும் வாய்ப்பு தெளிவாகக் கூடியிருந்தது. அதே நாட்டின் சிசிலியில் அந்த அளவு உறுதியான பலன் தெரியவில்லை.

இரண்டுமே பொதுவான தற்காலிக வேலைகளைப் பற்றியவை. நிரந்தரமாக்கும் நோக்கத்தோடு தொடங்கும் ஏற்பாட்டை மட்டும் தனியாக அளந்தவை அல்ல. இருந்தாலும் நான் புரிந்துகொள்வது இதுதான்: காண்ட்ராக்டில் நுழைந்தோம் என்பதாலேயே எதுவும் நடந்துவிடாது. அந்த ஊரில் ஆள் தேவை இருக்கிறதா, அந்த வேலையில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா, நிறுவனத்துக்கு நிரந்தர ஆள் உண்மையில் வேண்டுமா என்பதெல்லாம் சேர்ந்துதான் பலன். அரைகுறைத் திறமை போதும், யார் வந்தாலும் ஒன்றுதான் என்ற வேலையில் உங்களை நிரந்தரமாக்க நிறுவனத்துக்கு ஏன் அவசரம்?

நான் சின்ன நிறுவனம் நடத்துகிறேன். எப்போது இந்த வழியில் ஆள் எடுக்கக் கூடாது?

ஏற்கெனவே நல்ல வேலையில் இருக்கும் அனுபவசாலி வேண்டும் என்றால் எடுக்காதீர்கள். அவர் நிரந்தரத்தை விட்டு உங்கள் காண்ட்ராக்டுக்கு வர மாட்டார். கிடைப்பவர்களில் ஒருவரை எடுப்பீர்கள், பிறகு ஆளே சரியில்லை என்பீர்கள். வேலையைக் கற்றுக்கொள்ளவே எட்டு மாதம் ஆகும் பதவிக்கும் இது சரிப்படாது. நிறுவனத்தின் ரகசியங்கள் முழுவதும் புழங்கும் இடத்துக்கும் தவிர்க்கலாம்.

நிரந்தரமாக்கும் எண்ணமே இல்லாமல், நல்ல ஆட்கள் வர வேண்டும் என்பதற்காக 'அப்புறம் பெர்மனென்ட்' என்று விளம்பரத்தில் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு தடவை பலிக்கும். ஏஜென்சிக்காரர்களுக்கு எந்த நிறுவனம் எடுக்கும், எது எடுக்காது என்பது நன்றாகத் தெரியும். அடுத்த முறை நல்ல ரெஸ்யூமே உங்களுக்கு வராது, பக்கத்து நிறுவனத்துக்குப் போகும்.

நடுவில் வேறு நல்ல வேலை கிடைத்தால்?

நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று பார்த்து, முறையாகச் சொல்லிவிட்டுப் போங்கள். முதலில் ஏஜென்சிக்கு, அன்றே மேனேஜருக்கும். நிறுவனம் உத்தரவாதம் தராத காலத்தில் நீங்கள் மட்டும் தர வேண்டியதில்லை. கன்வெர்ஷன் பேச்சு உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தால், புதிய வாய்ப்பைப் பற்றி மேனேஜரிடம் சொல்லி ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். மாதக்கணக்கில் நகராத கோப்பு மூன்று நாளில் நகர்வதும் உண்டு.

காலம் முடிந்த பிறகும் மூன்று மாதம், மூன்று மாதமாக நீட்டித்துக்கொண்டே போகிறார்கள். என்ன செய்வது?

முதல் நீட்டிப்புக்குக் காரணம் இருக்கலாம். நிதியாண்டு முடியட்டும், புதிய பட்ஜெட் வரட்டும் என்பார்கள். ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் சம்பளத்தில் ஒரு உயர்வும் முடிவுக்கு ஒரு தேதியும் கேட்டு வாங்கிக்கொண்டு. இரண்டாவது நீட்டிப்பு வந்தால் வெளியே தேட ஆரம்பித்துவிடுங்கள். அதை யாரிடமும் அறிவிக்க வேண்டியதில்லை.

நீண்ட நாள் இருந்துவிட்டால் தானாகவே நிரந்தரமாகிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அது நாட்டுக்கு நாடு மாறும். தென்கொரியாவில் ஏஜென்சி ஊழியரை 2 ஆண்டுக்கு மேல் வைத்திருந்தால் நிறுவனமே நேரடியாக எடுத்துக்கொள்ளும் கடமை உண்டு. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2001-ல், அரசு உருக்கு நிறுவனமான ஸ்டீல் அதாரிட்டி சம்பந்தப்பட்ட வழக்கில், ஒப்பந்தத் தொழிலாளர் முறை ஒரு வேலையில் தடை செய்யப்பட்டால்கூட அங்கிருந்தவர்கள் தானாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. அந்த ஒப்பந்தமே வெறும் பெயரளவுக்குத்தான் என்று நிரூபித்தால் கதை வேறு. அப்படி நிரூபிக்க வேண்டிய நிலை வந்தால் கையில் இருக்க வேண்டியவை: வேலையை ஒதுக்கிய மெயில்கள், லீவுக்கு யார் ஒப்புதல் கொடுத்தார் என்பதற்கான பதிவு, வருகைப் பதிவு, ஒவ்வொரு நீட்டிப்புக் கடிதமும். அலுவலக மெயில் கணக்கு மூடப்பட்ட பிறகு இவற்றை எடுக்க முடியாது. ரகசியத் தகவல் எதையும் தொடாமல், உங்களைப் பற்றிய கடிதங்களின் நகலை மட்டும் இப்போதே தனியாக வைத்துக்கொண்டு, தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.